காசிமாயன் பெல்ட் மாட்டியிருந்தான்

எண்பத்து மூன்றாம் வருஷம் மதுரையில் நாங்கள் சீட் பெல்ட் செய்தோம் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை. "ஓடுற வண்டியில மனுசனை எதுக்குக் கட்டி வைக்கணும், அவன் என்ன மாடா?" என்று கேட்டவர்களில் என் மாமனாரும் ஒருவர். பெண்ணைக் கொடுத்த பிறகு கேட்டார் என்பதால் எனக்கு நஷ்டமில்லை.

பட்டறை திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. முதலாளி உக்கிரபாண்டி அதற்கு முன் பத்து வருஷம் சினிமாக் கொட்டகை நாற்காலிகளுக்குக் கீல் செய்தவர். வடக்கே ஒரு ஜீப் கம்பெனி முன் சீட்டுக்குப் பெல்ட் வேண்டும் என்று ஆள் தேடியபோது, "உக்கார்ற விஷயந்தானே, நம்ம தொழிலுதான்" என்று ஒப்புக்கொண்டார். அதை வரைந்து கொடுக்க வேண்டியவன் நான், ஹரிராம். எங்களுடையது சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. நூலிலிருந்து தப்பித்தால் போதும் என்று டிப்ளமோ படித்தேன். படித்து முடித்ததும் கையில் வந்து சேர்ந்தது நாடா.

நாடா பம்பாயிலிருந்து நெய்தே வந்துவிடும். எங்கள் வேலை பக்கிள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் கூடு. அதன் வாய்க்குள், நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகட்டைச் செருக வேண்டும். அந்தத் தகட்டை நாக்கு என்போம். உள்ளே ஒரு பல் காத்திருக்கும். ஓட்டை நேராக வந்ததும் பல் விழுந்து கவ்வும். 'க்ளிக்' என்று சத்தம் வரும். பொத்தானை அழுத்தினால் பல் எழும்பும், நாக்கை உருவிக்கொள்ளலாம். சொல்வதற்கு நாலு வரி. வரைவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது.

மாதிரிக்கு என்று கம்பெனி ஒரு வெளிநாட்டுப் பக்கிளை அனுப்பியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். நாக்கு போய் முட்டுகிற அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் நாக்கை வெளியே தள்ளிவிட வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். "நாக்கை உருவக்கூட வெள்ளைக்காரனுக்கு ஒரு வேலைக்காரன் வேணுமாம்" என்று பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஸ்பிரிங்கை அமுக்கிச் செருகக் கட்டைவிரல் வலிக்கிறது என்று முதலாளியும் முனகியிருந்தார். என் வரைபடத்தில் அதைத் தூக்கிவிட்டேன். பிறகு ஒரு விரலால் தள்ளினாலே நாக்கு வழுக்கிக்கொண்டு போனது. நான் அடித்த எத்தனையோ ஜோக்கில் மனித ரத்தம் சிந்த வைத்தது அது ஒன்றுதான்.

முதலில் செய்த இரண்டு பெல்ட்டையும் பட்டறை ஜீப்பில் பொருத்தி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. டிரைவர் காசிமாயன். கீழக்குயில்குடிக்காரன், முப்பது வயது, முதலாளிக்குத் தூரத்து உறவில் மாப்பிள்ளை முறை. ஒவ்வொரு தடவையும் பெல்ட் மாட்ட வேண்டும். மாட்டியதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். மற்றவர்களாக இருந்தால் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருப்பார்கள். காசிமாயன் சாவியைத் திருகுவதற்கு முன்னால் எழுதுவான். வழியில் கேலி செய்கிறவர்களுக்கும் அவனிடம் பதில் இருந்தது. என்னையும் விடமாட்டான். ஒருநாள் என் சட்டைக்குள் தெரிந்த பூணூலைக் காட்டி, "ஒங்களுக்கு நூலு, எனக்கு நாடா. நாந்தாண்ணே ஒசத்தி" என்றான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் காலை, முலாம் பூச வேண்டிய சாமான்களை ஏற்றிக்கொண்டு அவன் வாடிப்பட்டிக்குப் புறப்பட்டான். சமயநல்லூர் தாண்டியதும் ஒரு ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. வண்டியை ஒடித்தான். புளிய மரத்தில் மோதியது. ஒரு ஆடுகூடச் சாகவில்லை. காசிமாயன் முன் கண்ணாடியில் போய் விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. வலது கண் போய்விட்டது.

தூக்கி எடுத்தவர்கள், பெல்ட் அவன் மேல் இல்லை, சீட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது என்றார்கள். நாடா அறவில்லை. பக்கிள் உடையவில்லை. நோட்டில் மட்டும் அவனுடைய குண்டு எழுத்தில், 'காலை 8.40. வாடிப்பட்டி. மாட்டினேன்' என்று இருந்தது.

"எழுதிப்புட்டு மாட்டாமப் போயிருக்கான்" என்றார் முதலாளி.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போனேன். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள். கட்டிலடியில் காசிமாயன் மனைவி மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட முகத்தோடு அவன், "மாட்டுனேன் மாமா. சத்தம் கேட்டுச்சு" என்றான்.

"மாட்டியிருந்தா எப்படிறா கண்ணாடியில போயி விழுவ?"

"தெரியல மாமா. மாட்டுனேன்."

முதலாளிக்குக் குரலே பெரிது. கோபத்தில் இன்னும் பெரிதானது. "பொய் சொல்லாத மாப்ள! கண்ணு போச்சு, அது விதின்னு வச்சுக்குவோம். வாய்ல பொய் எதுக்கு வருது? நம்ம வகையறால பொய்யன் எவனும் கெடையாது!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், முதலாளி பக்கத்தில் நின்று லேசாகத் தலையாட்டினேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் மாட்டவில்லை என்றால் என் பக்கிள் மேல் தப்பில்லை.

ஜீப் கம்பெனிக்குத் தந்தி போனது. அடுத்த திங்கட்கிழமை அவர்களுடைய இன்ஜினியர் வருவார், பெல்ட் மாட்டவில்லை என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால் சோதனை தொடரலாம் என்று பதில் வந்தது. முதலாளி அதை டைப் அடிக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. "கையெழுத்தைப் போடட்டும். ஒத்தக் கண்ணோட வண்டி ஓட்ட முடியாது. நம்ம கேட்லயே வாட்ச்மேனா இருக்கட்டும்" என்றுதான் சொன்னார்.

நசுங்கிய ஜீப்பைப் பட்டறைக்கு இழுத்து வந்தபின், வியாழக்கிழமை, அந்தப் பக்கிளைக் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுவந்தேன். கம்பெனி ஆளிடம், 'பாருங்கள், ஒரு கீறல் இல்லை' என்று பெருமையாகக் காட்டலாம் என்று எண்ணம். நாக்கைச் செருகினேன். க்ளிக் என்றது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. சந்தோஷத்தில் அதை மேஜை மேல் ஒரு தட்டுத் தட்டினேன். நாக்கு உருவிக்கொண்டு என் மடியில் விழுந்தது.

திரும்பவும் செருகினேன். க்ளிக். தட்டினேன். விழுந்தது.

ரிவெட்டை அராவி எடுத்துக் கூட்டைத் திறந்தேன். நாக்கு போய் முட்ட வேண்டிய மூலையில், காய்ந்து கெட்டியான ஒரு மஞ்சள் படிவம் இருந்தது. அதில் நடுவே கொஞ்சம் சிவப்பு. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மோந்து பார்த்தேன்.

சந்தனம். குங்குமம்.

பூஜை அன்று லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் ஜீப்பின் ஸ்டியரிங்குக்கும் ஆளாளுக்குப் பொட்டு வைத்தார்கள். பக்கிளுக்கு வைத்தவன் நான். என் கையால் வரைந்த முதல் சாமான் என்ற அருமை. பன்னீர் விட்டுத் தளரக் கரைத்த சந்தனத்தை அள்ளி, பக்கிளின் வாய்க்கு மேலே பெரிதாக அப்பி, குங்குமம் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தேன். அது உள்ளே வழிந்திருக்கிறது. இரண்டு நாள் யாரும் தொடவில்லை, நன்றாகக் காய்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் காசிமாயன் வெளியே ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு நாக்கைச் செருகியிருக்கிறான். நாக்கு அடிவரை போக முடியவில்லை. பல் ஓட்டைக்குள் முழுசாக விழாமல் அதன் விளிம்பில், ஒரு நகக்கனத்துக்குத் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. சத்தம் மட்டும் வந்துவிட்டது.

வெள்ளைக்காரனின் ஸ்பிரிங் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பல் முழுசாகக் கவ்வாவிட்டால் அது நாக்கை உள்ளே இருக்க விடாது. வெளியே துப்பிவிடும். மாட்டுகிறவன் 'சனியன் மாட்டலையே' என்று இன்னொரு தடவை செருகிப் பார்ப்பான், அல்லது கூட்டைத் தட்டித் துடைப்பான். ஒன்று கவ்வ வேண்டும், இல்லையேல் துப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காக ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து யோசித்து வைத்ததை, நான் இங்கே உட்கார்ந்து சிரித்து எடுத்திருக்கிறேன்.

மேஜை மேலேயே கெரசின் டப்பா இருந்தது. பக்கத்தில் வேஸ்ட் துணி. அரை நிமிஷ வேலை. துடைத்து, புது ரிவெட் அடித்துவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. துணியைக் கையில் எடுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கிளைத் தாளில் சுற்றி என் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டேன். வீரமெல்லாம் இல்லை. அதைப் பட்டறையில் விட்டுவிட்டு வரப் பயம்.

டப்பாவைக் கழுவ எடுத்த என் மனைவி பத்மாசினி, எங்கள் வீட்டு பாஷையில், "மிச்சச் சோறு கொண்டு வருவீங்க, இதென்ன இரும்பு?" என்றாள். சொன்னேன். எதையும் வேடிக்கையாகச் சொல்லியே பழக்கப்பட்டவன், அன்று நேராகச் சொல்லி முடித்தேன். அதிலேயே அவள் பயந்துவிட்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த டிரைவருக்குத் தெரியுமே, தான் மாட்டினது."

சனிக்கிழமை காலை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசிமாயனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் போனேன். அதுவும் பொய்த்துப்போனது. டைப் அடித்த தாள் தலையணைக்குப் பக்கத்தில், ஆரஞ்சுப் பழம் ஒன்றைப் பாரமாக வைத்துக் கிடந்தது.

"வாங்கண்ணே. உக்காருங்க. கையெழுத்துப் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றான்.

"மாட்டுனேன்னு சொன்னியே?"

"மாட்டலையோ என்னமோண்ணே. எல்லாரும் அதத்தான் சொல்றாக. தூக்குனவுக சொல்றாக, மாமா சொல்றாரு. நீங்ககூட ஒண்ணும் சொல்லல. ராவெல்லாம் யோசிச்சுப் பாக்குறேன். நோட்டுல எழுதுனது ஞாபகமிருக்கு. சத்தம் கேட்டது... அது பூஜைக்கு முந்தின நாளாக்கூட இருக்கலாம்ல? மண்டையில அடிபட்டா அப்படித்தான் மாறி மாறித் தெரியுமாம். பக்கத்துக் கட்டில்காரரு சொன்னாரு."

மாயக்காள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கல்யாணமாயி ஒம்பது வருசத்துல இவுக ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. இப்ப இவுகளே இவுகள நம்ப மாட்டேங்குறாக."

கண் போனது விபத்து. ஆனால் கையில் இருந்த ஒரே சாட்சியான தன் ஞாபகத்தையும் அவன் எங்களுக்காக விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டான். அதற்கு ஆட்டு மந்தை காரணமில்லை.

நான் தாளைப் பிரித்து, திறந்த பக்கிளை அவன் கையில் வைத்தேன். இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். பொட்டு வைத்ததையும், ஸ்பிரிங்கை எடுத்ததையும், துணியைக் கையில் எடுத்ததையும் வரிசையாகச் சொன்னேன்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"அப்ப மாட்டுனேன்ல?" என்றான்.

"மாட்டுன காசி."

"சத்தம் கேட்டது நெசந்தானே?"

"நெசந்தான்."

அவன் பக்கிளை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதான். "ஏய் மாயக்கா, மாட்டுனேனாம்டீ" என்று அவளுக்கு நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எங்கே போவது என்றும் தெரியவில்லை.

மாயக்காள் எழுந்து நின்றாள். "சந்தனத்த வச்சது நீங்க. ஸ்பிரிங்க எடுத்தது நீங்க. அன்னைக்கு இங்கன வந்து தலையாட்டுனதும் நீங்க."

"ஆமா."

"விடு புள்ள. அண்ணே என்ன வேணும்னா செஞ்சாரு?" என்றான் காசிமாயன்.

"வேணும்னு செய்யல. சரி. திங்கக்கெழம மொதலாளிட்ட வாயத் தொறந்து சொல்லுவீகளா, இல்ல அங்கயும் தலையாட்டிட்டு வருவீகளா?"

"சொல்லுவேன்."

"சொல்லிட்டு வாங்க" என்றாள். தாளின் மேலிருந்த ஆரஞ்சை எடுத்து வைத்துவிட்டு, தாளை நாலாகக் கிழித்தாள்.

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. ஜீப்பிலிருந்து எடுத்த டிரைவர் சீட்டை ஒரு பலகையில் முடுக்கி, உருளைக் குழாய்கள் மேல் வைத்து நான் தயாராக இருந்தேன். கூடவே மூன்று புதுப் பக்கிள். ஒன்றில் சந்தனம் வழியவிட்டுக் காய வைத்து, அதை சீட்டின் பெல்ட்டில் பொருத்தியிருந்தேன். ஒன்றில் கடலைத் தொலி. ஒன்றில் ரோட்டு மண். சந்தனத்தை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது அல்லவா?

விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ் ஹரி, சாமிக்கு வச்ச சந்தனத்து மேலயா பழி போடுற?"

"சந்தனத்து மேல இல்லைங்க. என் மேல. நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்க."

"நான் எதுக்குய்யா உக்காரணும்?"

"நாற்காலி விஷயம்னா ஒங்களை விட்டா யாரு?"

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பெல்ட்டைக் குறுக்கே இழுத்து நாக்கைச் செருகினார். க்ளிக் என்றது.

"மாட்டிருச்சா?" என்று கேட்டேன்.

"மாட்டிருச்சு."

"நல்லா இழுத்துப் பாருங்க."

இழுத்தார். "அதான் மாட்டிருச்சுங்கிறேன்ல!"

நானும் இன்ஜினியரும் சீட்டைப் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினோம். நாலடி உருண்டதும் பலகை, குறுக்கே போட்டிருந்த மரக்கட்டையில் டக்கென்று முட்டியது. முதலாளி முன்னால் போய் இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். நாக்கு காலடியில் கிடந்தது.

யாரும் அவரைத் தூக்கவில்லை. தானாக எழுந்தார். உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டவும் இல்லை. கடலைத் தொலிப் பக்கிளை அவரே எடுத்தார், செருகினார், சத்தம் கேட்டார், மேஜையில் தட்டினார். விழுந்தது. மண் போட்டதையும் எடுத்தார். விழுந்தது. நாலாவதாக வெளிநாட்டுப் பக்கிளை எடுத்து, அதன் வாயில் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போட்டுச் செருகினார். அது நாக்கை உடனே துப்பியது. இன்னொரு தடவை தள்ளினார். துப்பியது.

இன்ஜினியர் என்னிடம், ஏன் ஸ்பிரிங் இல்லை என்று கேட்டார். "நான்தான் எடுத்தேன். எதற்கு என்று புரியாமல் எடுத்தேன்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். சோதனை முடியும் முன்பே செய்து அடுக்கியிருந்த நானூறு பக்கிளையும் உடைக்க வேண்டும், புது வரைபடம் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

என்னை முதலாளி வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அந்த சீட்டிலேயே மறுபடி உட்கார்ந்திருந்தார்.

"அவன் பொண்டாட்டி முன்னாடி வச்சு அவனைப் பொய்யன்னு சொல்லிப்புட்டேனேய்யா" என்றார். பிறகு, "எழுது" என்றார்.

எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆஸ்பத்திரிக்கு அவர் வர மறுத்துவிட்டார். "நீ போ. நான் நாளைக்குத் தனியாப் போயி அவன்ட்ட பேசிக்கிறேன். இப்ப மொகத்தக் காட்ட முடியல."

நான் போனபோது சாப்பாட்டு நேரம். காசிமாயன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கடிதத்தை நீட்டினேன். தனக்குப் படிக்க வராது என்றாள் மாயக்காள். காசிமாயனுக்கு இன்னும் எழுத்து கலங்கித்தான் தெரிந்தது. கட்டில் பக்கத்தில் குனிந்து மெதுவாகப் படித்தேன்.

"சத்தமாப் படிங்க" என்றாள் மாயக்காள்.

"மாயக்கா, போதும்" என்றான் அவன்.

"மொதலாளி சத்தமாத்தான் சொன்னாரு. இந்த வார்டே கேட்டுச்சு. வார்டே கேக்கணும்."

நான் நிமிர்ந்து நின்றேன். நாலு பேர் கூடினால் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற என் குரலை, அன்று இதற்காக உயர்த்தினேன். படித்தேன். 'மேற்படி விபத்தின்போது டிரைவர் காசிமாயன் பெல்ட் மாட்டியிருந்தார். அவர் சொன்னது உண்மை. பக்கிள் சரியாகப் பூட்டாமல் போனது அதை வடிவமைத்த ஹரிராமின் தவறு. காசிமாயனைப் பொய் சொன்னதாகச் சொன்னது உக்கிரபாண்டியாகிய என் தவறு.'

எதிர்க் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்த பெரியவர், "அப்ப மாட்டித்தான் இருந்தாராம்மா?" என்று கேட்டார்.

"மாட்டித்தான் இருந்தாக" என்றாள் மாயக்காள். இன்னும் இரண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம், யாருக்கோ துணையாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் புரியாமல் பார்த்தாள். அவளுக்கும் திரும்பி, "மாட்டித்தான் இருந்தாக" என்றாள்.

காசிமாயன் கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "புதுசுல அந்த ஸ்பிரிங்க வச்சிருவீகள்லண்ணே? வெரலு வலிச்சா வலிக்கட்டும்" என்றான்.

"வச்சிருவேன்."

கடிதத்தை மாயக்காளிடம் கொடுத்தேன். அவள் மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்ப நான் வாரேன் காசி" என்றேன்.

அவன் கையைத் தூக்கினான். அவள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அங்கே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"சொன்னபடி செஞ்சீக. அது சரி. ஆனா அந்தக் கண்ணு இருந்த எடத்துக்குத் தெனமும் மருந்து வைக்கிறது நான். அதனால போயிட்டு வாங்கன்னு என் வாயால வராது. போங்க."